சுடுவது எளிது, சேர்ப்பது அரிது

2005ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஹோங்ஜீ தாய் என்ற வேதியியலாளரின் குழு ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டது. சில புற்றுநோய்ச் செல்களின் மேற்பரப்பில் ஃபோலிக் அமிலத்தைப் பற்றி உள்ளே இழுக்கும் ஏற்பிகள் ஏராளமாக இருக்கும். அந்தக் குழுவினர் கார்பன் நானோகுழாய்களின் மேல் ஃபோலிக் அமிலத்தை ஒட்டி, ஏற்பி மிகுந்த செல்களுக்கும் ஏற்பி குறைந்த செல்களுக்கும் கொடுத்தார்கள். முதல் வகைச் செல்கள் குழாய்களை உள்ளே வாங்கிக்கொண்டன, மற்றவை வாங்கவில்லை. பிறகு இரண்டின் மீதும் 808 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் ஒளியை இரண்டு நிமிடம் பாய்ச்சினார்கள். குழாய் புகுந்த செல்கள் மடிந்தன, புகாத செல்கள் பிழைத்தன. மருந்தில்லை, கத்தியில்லை, கரியும் ஒளியும் சேர்ந்து, வேண்டாத செல்லை மட்டும் சுட்டுவிட்டன. அன்று எழுந்த நம்பிக்கை பெரியது. ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள் அதைத் தொடர்ந்து வந்தன. ஆனால் இருபது ஆண்டுகள் கடந்த பிறகும் கார்பன் நானோபொருளால் கட்டியைச் சுடும் முறை எந்த மருத்துவமனையிலும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. ஏன் என்பதற்கான விடை அறிவியலின் தோல்வியில் இல்லை. சூடேற்றுவது எப்படி என்ற எளிய கேள்விக்கு ஆய்வாளர்கள் மீண்டும் மீண்டும் விடை கண்டார்கள். துகளையும் ஒளியையும் கட்டியில் சேர்ப்பது எப்படி, வேலை முடிந்ததும் துகளை வெளியேற்றுவது எப்படி என்ற கடினமான கேள்விகள் பின்தங்கிவிட்டன. அந்த வரிசையை மாற்றினால் இந்தத் துறைக்கு உண்மையான எதிர்காலம் உண்டு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

சூடு புற்றுநோயைக் கொல்லும் என்பது மருத்துவத்துக்குப் புதிதல்ல. உடலின் இயல்பான வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ். அது 41 டிகிரியைத் தாண்டும்போது செல்லுக்குள்ளிருக்கும் புரதங்கள் மடிப்புக் குலையத் தொடங்குகின்றன, உடைந்த டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கும் வேலை தடைபடுகிறது. 43 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்திருந்தால் ஏற்படும் சேதத்தை 44 டிகிரியில் அரை மணி நேரத்திலேயே ஏற்படுத்தலாம். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் தேவைப்படும் நேரம் ஏறக்குறைய பாதியாகக் குறையும். 60 டிகிரியைத் தாண்டினால் புரதங்கள் நொடிகளில் உறைந்துவிடும், எந்தச் செல்லும் தப்பாது. மிதமான சூட்டுக்கும் மதிப்புண்டு என்பதற்கு மனிதர்களிடம் கிடைத்த வலுவான சான்று இருக்கிறது. நெதர்லாந்தில் நடந்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், முற்றிய கருப்பைவாய்ப் புற்றுநோய் கொண்ட பெண்களில் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 27 சதவீதம் பேர் மூன்று ஆண்டுகளுக்குப் பின் உயிரோடிருந்தார்கள். கதிர்வீச்சோடு இடுப்புப் பகுதிக்குச் சூடும் கொடுக்கப்பட்டவர்களில் அது 51 சதவீதம். சூடு ஒரு சிகிச்சை என்பதில் ஐயமில்லை. சூட்டை எங்கே நிறுத்துவது என்பதுதான் எப்போதும் சிக்கல்.

இன்று மருத்துவமனைகளில் நடைமுறையிலிருக்கும் வெப்பச் சிகிச்சையைப் பார்த்தால் இந்தச் சிக்கல் தெளிவாகும். கல்லீரலில் இருக்கும் சிறிய கட்டிகளுக்கு ஊசி போன்ற மின்முனையைக் குத்தி, ரேடியோ அதிர்வெண் மின்சாரத்தாலோ மைக்ரோ அலையாலோ சுடுகிறார்கள். மூன்று சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டிகளில் இது நல்ல பலன் தருகிறது. ஆனால் சூடு ஊசிமுனையிலிருந்து பிறந்து வெளியே பரவுகிறது. கட்டியின் வடிவம் அதற்குத் தெரியாது. கட்டியின் அருகே பெரிய ரத்தக்குழாய் ஓடினால், ஓடும் ரத்தம் சூட்டை அள்ளிச் சென்றுவிடும்; அந்த ஓரத்தில் செல்கள் பிழைத்துக் கட்டி மீண்டும் வளரும். அதை ஈடுகட்டச் சூட்டைக் கூட்டினால் பக்கத்திலிருக்கும் பித்தநாளமோ குடலோ நரம்போ வெந்துபோகும். ஆக, சூடு கருவியின் முனையில் பிறக்காமல் கட்டிக்குள்ளேயே பிறந்தால் எவ்வளவு நல்லது என்ற எண்ணம் இயல்பாகவே எழுகிறது. கட்டிக்குள் ஒளியை விழுங்கிச் சூடாகும் துகளை வைத்துவிட்டு, உடலைப் பெரிதாகத் தொந்தரவு செய்யாத ஒளியை வெளியிலிருந்து செலுத்துவதே நானோ வெப்பச் சிகிச்சையின் மூலக்கருத்து.

இந்த வேலைக்குக் கார்பன் ஏன் பொருத்தமாகிறது? வெயிலில் வெள்ளைத் துணியைவிடக் கறுப்புக் குடை அதிகம் சூடாவதை எல்லோரும் அறிவோம். கார்பன் நானோபொருள்கள் அந்தக் கறுப்பின் மிக நுண்ணிய வடிவம். 1985இல் கண்டறியப்பட்ட பந்து வடிவ ஃபுல்லரீன், 1991இல் ஜப்பானின் சுமியோ இஜிமா விவரித்த நானோகுழாய், 2004இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டான்டின் நோவோசெலோவும் பிரித்தெடுத்த ஒற்றை அணுத் தடிமனுள்ள கிராஃபீன் தாள் எல்லாமே ஒரு குடும்பம். குழாயிலும் தாளிலும் கார்பன் அணுக்கள் அறுகோண வலையாகப் பின்னியிருக்கின்றன. அந்த வலை முழுவதும் எலக்ட்ரான்கள் தங்குதடையின்றி உலவுகின்றன. அவை ஒளியை உறிஞ்சிய மறுகணமே ஆற்றலை வலையின் அதிர்வாக, அதாவது வெப்பமாக, மாற்றிவிடுகின்றன. இன்னொரு வசதியும் இருக்கிறது. நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் கண்ணுக்குத் தெரியும் ஒளியை விழுங்கிவிடும், நீரோ நீண்ட அகச்சிவப்பை விழுங்கிவிடும். இவற்றுக்கு இடையே ஏறத்தாழ 700 முதல் 900 நானோமீட்டர் வரையிலான அகச்சிவப்பு ஒளி மட்டும் திசுவுக்குள் ஓரளவு ஊடுருவும். அந்த இடைவெளியிலும் அதற்கு அப்பால் 1000 நானோமீட்டரைத் தாண்டியும் கார்பன் நன்றாக ஒளியை உறிஞ்சுகிறது. ஸ்டான்ஃபோர்டு குழுவின் கணக்கில், ஒரு லிட்டர் நீரில் வெறும் 25 மில்லிகிராம் நானோகுழாய் கலந்த கரைசல் லேசர் பட்ட இரண்டே நிமிடத்தில் ஏறத்தாழ 70 டிகிரியை எட்டியது.

கண்ணாடிக் குடுவையிலிருந்து விலங்குகளுக்குப் போனபோதும் முடிவுகள் ஊக்கமளித்தன. 2009இல் அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளின் சிறுநீரகப் புற்றுக்கட்டிகளுக்குள் பல சுவர் கொண்ட நானோகுழாய்களை நேராக ஊசியால் செலுத்தி, 1064 நானோமீட்டர் லேசரை முப்பதே நொடி பாய்ச்சினார்கள். அதிக அளவு குழாய் பெற்ற எலிகளில் 80 சதவீதத்தின் கட்டிகள் முழுமையாக மறைந்தன. மூன்றரை மாதங்களுக்கு மேலாகத் திரும்பவில்லை. 2010இல் சீனாவின் சூச்சோ பல்கலைக்கழகத்தில் ஜுவாங் லியூவின் குழு, பாலிஎத்திலீன் கிளைக்கால் பூசிய நுண்ணிய கிராஃபீன் தாள்களை எலிகளின் ரத்தநாளத்தில் செலுத்தியது. அவை கட்டியில் சேர்ந்தன. லேசர் பட்டதும் கட்டிகள் கருகி உதிர்ந்தன. இப்படி ஒன்றன்பின் ஒன்றாக வெற்றிகள் குவிந்தன. கரியும் லேசரும் கட்டியைச் சுடும் என்பதை இதற்கு மேல் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த வெற்றிகளை எலியின் உடலிலிருந்து மனித உடலுக்கு அப்படியே மாற்றிப் போட முடியுமா என்று கேட்டால், இரண்டு இடங்களில் கணக்கு இடிக்கிறது.

முதலாவது ஒளி. ஆய்வுகளில் வரும் எலியின் கட்டி பெரும்பாலும் தோலுக்கு அடியிலேயே, விலாப்புறத்தில் வளர்க்கப்பட்டது. லேசர் சில மில்லிமீட்டர் போனால் போதும். மனிதனின் கணையமோ நுரையீரலோ பல சென்டிமீட்டர் ஆழத்திலிருக்கிறது. அகச்சிவப்பு ஒளி திசுவில் சிதறிச் சிதறி ஆழம் கூடக்கூட வேகமாக வலுவிழக்கிறது. சில சென்டிமீட்டருக்குள் சூடேற்றத் தேவையான வலிமை அதற்கு இல்லாமல் போகிறது. அதை ஈடுசெய்ய லேசரின் வலிமையைக் கூட்டவும் முடியாது. 808 நானோமீட்டர் ஒளி தோலின் மேல் விழும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.33 வாட் வரைதான் பாதுகாப்பானது என்று அமெரிக்கத் தரநிர்ணய வரம்பு சொல்கிறது. சூச்சோ குழுவின் கிராஃபீன் சோதனையில் பயன்பட்டது 2 வாட், அதாவது அந்த வரம்பைப்போல் ஆறு மடங்கு. இரண்டாவது, கட்டியின் அளவு. இருபது கிராம் எடையுள்ள எலியின் உடலில் 0.3 கிராம் கட்டி இருந்தால் அது உடல் எடையில் ஒன்றரை சதவீதம். அறுபது கிலோ மனிதருக்கு அதே விகிதம் என்றால் கட்டி 900 கிராம் இருக்க வேண்டும். இவ்வளவு பெரிய விகிதத்தில், இவ்வளவு வேகமாக வளர்ந்த கட்டி, ரத்தத்தில் வரும் துகள்களைத் தாராளமாக வாங்கிக்கொள்வதில் வியப்பில்லை. மனிதக் கட்டிகள் மெதுவாக வளர்பவை, இறுகியவை, ஒன்றுபோல் மற்றொன்று இல்லாதவை.

இதைவிடக் கசப்பான உண்மை, துகள்கள் போய்ச் சேரும் அளவைப் பற்றியது. 1986இல் ஜப்பானின் மாட்சுமுராவும் மயேடாவும், கட்டியின் ரத்தக்குழாய்ச் சுவர்கள் ஓட்டையும் விரிசலுமாக இருப்பதால் பெரிய மூலக்கூறுகள் அங்கே கசிந்து தங்குகின்றன என்று காட்டினார்கள். நானோ மருத்துவத்தின் நம்பிக்கையில் பெரும்பகுதி இந்தக் கருத்தின் மேல்தான் நின்றது. 2016இல் டொரண்டோ பல்கலைக்கழகத்தின் வாரன் சானும் உடன் ஆய்வாளர்களும் அதற்கு முந்தைய பத்து ஆண்டுகளின் விலங்கு ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டார்கள். ரத்தநாளத்தில் செலுத்திய நானோதுகள்களில் கட்டியை அடைந்தது, இடைநிலை அளவாக, 0.7 சதவீதம்தான். ஆயிரத்தில் ஏழு. மீதியில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன, ஏனென்றால் ரத்தத்தில் வரும் அந்நியத் துகள்களைப் பிடிப்பதுதான் அவற்றின் வேலை. அதே ஆய்வகம் 2018இல் இன்னும் உள்ளே போய்ப் பார்த்தது. கட்டியை அடைந்த துகள்களும் பெரும்பாலும் செல்களுக்கு இடைப்பட்ட கூழிலும் மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கு செல்களிலும் சிக்கிக்கிடந்தன. குறிவைத்த புற்றுநோய்ச் செல்லைச் சென்றடைந்தவை செலுத்தியதில் பத்து லட்சத்துக்குப் பதினான்குகூட இல்லை. ஃபோலிக் அமிலத்தை ஒட்டிவிட்டால் துகள் தானாகத் தேடிச் சென்று ஒவ்வொரு புற்றுநோய்ச் செல்லாகச் சுட்டுவிடும் என்ற சித்திரம் ஆய்வகக் குடுவையில் மெய்யானது. உடலின் ரத்த ஓட்டத்தில் அது நிற்கவில்லை.

ஒளியின் ஆழக்குறைவைத் தாண்ட வேறு ஆற்றலைப் பயன்படுத்தலாமே என்று கேட்டவர்களும் உண்டு. பென்சில்வேனியாவில் வானொலி நிலையம் நடத்திய ஜான் கான்சியஸ், தனக்கு ரத்தப் புற்றுநோய் வந்தபின், உடலை எளிதாகக் கடக்கும் ரேடியோ அலைகளால் துகள்களைச் சூடேற்றும் கருவியை உருவாக்கினார். ஃபுல்லரீன் கண்டுபிடிப்புக்காக 1996இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரும் பின்னர் புற்றுநோயால் 2005இல் மறைந்தவருமான ரிச்சர்ட் ஸ்மாலி இந்த எண்ணத்தை ஆதரித்தார். டெக்சாஸின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் ஸ்டீவன் கர்லியின் குழு முயல்களின் கல்லீரல் கட்டிகளுக்குள் நானோகுழாய்களைச் செலுத்தி, இரண்டு நிமிடம் ரேடியோ அலை கொடுத்து, 2007இல் முடிவை வெளியிட்டது. குழாய் இருந்த கட்டிகள் முற்றிலும் அழிந்தன. குழாய் இல்லாமல் அலை மட்டும் பெற்றவை அப்படியே இருந்தன. ஆனால் அங்கும் இரண்டு பாடங்கள் இருந்தன. குழாய்கள் ரத்தம் வழியே தேடிப் போகவில்லை, ஊசியால் நேராக உள்ளே வைக்கப்பட்டன. கட்டியைச் சுற்றிய நல்ல கல்லீரலிலும் சில மில்லிமீட்டர் வெந்தது. வெப்பம் ஓரிடத்தில் நிற்காது என்பதே இரண்டாவது பாடம். திசுவில் சூடு ஒரு மில்லிமீட்டர் பரவச் சில நொடிகளே போதும். எனவே நிமிடக்கணக்கில் சுடும் எந்த முறையும் செல்லுக்குச் செல் பிரித்துப் பார்த்துக் கொல்வதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. அது தரக்கூடிய துல்லியம் மில்லிமீட்டர் அளவிலானது.

இந்தச் சான்றுகளை எல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு முடிவு தெளிவாகிறது. உடல் முழுதும் சுற்றித் தேடும் மருந்தாகக் கார்பன் நானோபொருளை நினைப்பதை நாம் கைவிட வேண்டும். அறுவை மருத்துவர் கையிலிருக்கும் ஒரு துணைக் கருவியாக அதை நினைக்க வேண்டும். கட்டி எங்கே இருக்கிறது என்பது ஸ்கேனில் தெரியும் இடத்தில், ஊசியாலோ நாளத்தின் வழியாகவோ துகளைச் சேர்த்து, ஒளியைத் தோலுக்கு வெளியிலிருந்து வீசாமல் மெல்லிய ஒளியிழை வழியே கட்டிக்குள்ளேயே கொண்டுபோனால், ஆழமும் தோல் வரம்பும் பெரிய தடைகளாக இருக்காது. இது வெறும் கற்பனை இல்லை என்பதைத் தங்கம் காட்டியிருக்கிறது. ரைஸ் பல்கலைக்கழகத்தின் நவோமி ஹாலஸும் ஜெனிஃபர் வெஸ்ட்டும் உருவாக்கிய தங்க நானோகூடுகளைப் புராஸ்டேட் புற்றுநோயாளிகளிடம் பயன்படுத்திய முதற்கட்ட ஆய்வு 2019இல் வெளியானது. 16 பேரில் 15 பேருக்குச் சிகிச்சையைத் திட்டமிட்டபடி முடிக்க முடிந்தது. எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டியின் இடத்தைக் குறித்துக்கொண்டு, ஒளியிழைகளை அங்கேயே செருகிச் சுட்டார்கள். ஓராண்டு கழித்து எடுத்த திசுச் சோதனையில் அந்த 15 பேரில் 13 பேருக்குச் சுட்ட பகுதியில் புற்றுநோய் காணப்படவில்லை. சிறிய ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாததுதான். ஆனால் ஒளியைத் துகள் இருக்கும் இடத்துக்கே எடுத்துச் சென்றால் மனித உடலில் இது நடக்கும் என்பதை அது நிறுவியது.

அப்படியானால் தங்கமே போதுமே, கரி எதற்கு என்ற கேள்வி நியாயமானது. தங்கத்துக்கு உண்மையாகவே மேன்மைகள் உண்டு. ஒரே அளவில், ஒரே வடிவில் அதைத் தயாரிக்க முடிகிறது. உடலில் அது வேதிவினை புரியாமல் கிடக்கிறது. ஆனால் தங்க நானோதண்டுகள் வலுவான லேசர் பட்டால் உருகி உருண்டையாகிவிடுகின்றன. வடிவம் மாறியதும் அகச்சிவப்பை உறிஞ்சும் திறனும் போய்விடுகிறது. கார்பன் வலை அப்படி எளிதில் குலைவதில்லை. குறிப்பிட்ட அலைநீளத்துக்கு மட்டும் கட்டுப்படாமல் அகன்ற ஒளிப்பரப்பை அது உறிஞ்சுவதால், ஆழமாகப் போகும் 1064 நானோமீட்டர் லேசரோடும் ஒத்துழைக்கிறது. ஒளி பட்டு நொடிக்குள் சூடாகி விரியும்போது அது எழுப்பும் மீயொலியைப் பிடித்துப் படமாக்கவும் முடியும். 2008இல் ஸ்டான்ஃபோர்டில் எலிகளின் கட்டிகளை நானோகுழாய் மூலம் இப்படித்தான் படம் பிடித்தார்கள். சுடுவதற்கு முன் துகள் எங்கே சேர்ந்திருக்கிறது, எங்கே சேரவில்லை என்று மருத்துவர் பார்த்துக்கொள்ள முடிவது சிறிய நன்மையல்ல. சேர்ப்பதுதான் முதன்மைச் சிக்கல் என்றால், சேர்ந்ததா என்று காட்டும் பொருளுக்கே அதிக மதிப்பு.

ஊசியும் ஒளியிழையும் எப்படியும் உள்ளே போகின்றன என்றால், துகளே இல்லாமல் லேசரால் மட்டும் சுட்டுவிடலாமே என்பது இன்னும் கூர்மையான மறுப்பு. மூளைக் கட்டிகளில் இப்போதே அப்படிச் செய்கிறார்கள். ஒளியிழையைச் செருகி, எம்.ஆர்.ஐ. மூலம் வெப்பத்தைக் கண்காணித்தபடியே சுடும் கருவிகள் பயன்பாட்டில் இருக்கின்றன. துகள் சேர்க்கும் நன்மை எல்லையில் இருக்கிறது. துகள் இல்லாத இடத்தில் திசு அந்த ஒளியைக் குறைவாகவே உறிஞ்சும். துகள் இருக்கும் இடத்தில் பல மடங்கு உறிஞ்சும். ஆகவே குறைந்த லேசர் வலிமையிலேயே கட்டிக்குள் கொல்லும் சூட்டை எட்டலாம், வெளியிலுள்ள திசுவை அந்தச் சூட்டுக்குக் கீழே வைத்திருக்கலாம். ரத்தக்குழாயை ஒட்டிய ஓரத்திலும் சூடு அங்கேயே பிறப்பதால் ரத்த ஓட்டம் முழுவதையும் அள்ளிச் செல்லாது. இந்த நன்மை மில்லிமீட்டர் கணக்கில்தான் இருக்கும் என்று முன்பே சொன்னேன். ஆனால் முகத்தின் நரம்பையோ விழுங்கும் தசையையோ காப்பாற்ற அறுவை மருத்துவர் போராடுவதும் மில்லிமீட்டர்களுக்காகத்தான். துகளோடு சுட்ட கட்டியையும் துகளில்லாமல் சுட்ட கட்டியையும் அதே கருவியில் நேருக்கு நேர் ஒப்பிட்டு, எல்லை எவ்வளவு கூர்மையானது என்று அளந்து காட்டும் ஆய்வுகளே இந்தத் துறைக்கு இப்போது அவசரத் தேவை.

ஓரிடத்தில் சுடுவதால் உடலெங்கும் பரவிய புற்றுநோய்க்கு என்ன பயன் என்று சிலர் கேட்பார்கள். புற்றுநோயால் இறப்பவர்களில் பெரும்பாலோரின் உயிரைப் பறிப்பது பரவல்தான் என்பதால் இதைத் தள்ளிவிட முடியாது. இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. அறுவையும் கதிர்வீச்சும் பெரும்பாலும் ஓரிடத்துக்கான சிகிச்சைகள்தான். பரவுமுன் பிடிபட்ட புற்றுநோயில் அவையே இன்றும் அதிக உயிர்களைக் காக்கின்றன. இரண்டாவது பதில் இன்னும் சுவையானது. சூட்டில் சிதைந்த செல்கள் தம் உட்பொருள்களை வெளியே கொட்டுகின்றன. நோய் எதிர்ப்பு மண்டலம் அவற்றைப் பார்த்துப் பகையை அடையாளம் கண்டுகொள்ள வாய்ப்பு உண்டாகிறது. 2014இல் ஜுவாங் லியூவின் குழு எலிகளில் நானோகுழாயால் முதல் கட்டியைச் சுட்டு, கூடவே எதிர்ப்பு மண்டலத்தின் தடையை நீக்கும் சி.டி.எல்.ஏ.-4 எதிர்ப்பு மருந்தையும் கொடுத்தது. இரண்டும் சேர்ந்தபோது தொலைவிலிருந்த கட்டிகளின் வளர்ச்சியும் பரவலும் அடங்கின. எலியில் கண்டதை மனிதருக்கு உறுதிசெய்ய நீண்ட பாதை இருக்கிறது. ஆனால் தடைநீக்க மருந்துகள் இப்போது மருத்துவமனைகளில் இருப்பதால், சூட்டை அவற்றுக்குத் துணையாகச் சோதிப்பது எட்டாத கனவல்ல.

எல்லா மறுப்புகளிலும் கனமானது நஞ்சு பற்றியது. 2008இல் எடின்பரோவின் கென் டொனால்ட்சனும் உடன் ஆய்வாளர்களும் நீளமான, விறைப்பான பல சுவர் நானோகுழாய்களை எலிகளின் வயிற்றறைக்குள் செலுத்தியபோது, ஆஸ்பெஸ்டாஸ் இழைகள் உண்டாக்குவதைப் போன்ற அழற்சி வந்தது. 2014இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, எம்.டபிள்யூ.சி.என்.டி.-7 என்ற குறிப்பிட்ட வகைக் குழாயை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியமுள்ள பொருள் என்று வகைப்படுத்தியது. மற்ற குழாய்களுக்கு எந்த முடிவுக்கும் வரச் சான்று போதாது என்றது. புற்றுநோயைத் தீர்க்க வந்த பொருளே புற்றுநோயைத் தந்துவிடக்கூடாது என்ற அச்சத்தை அலட்சியம் செய்ய எந்த ஆய்வாளருக்கும் உரிமையில்லை. அதே ஆய்வுகள் காரணத்தையும் சொல்லுகின்றன. விழுங்கு செல்லைவிட நீளமான, வளையாத இழையை அந்தச் செல்லால் முழுதாக உள்வாங்க முடியாமல் போகும்போதுதான் தீராத அழற்சி பிறக்கிறது. சிகிச்சைக்காகச் சோதிக்கப்படும் குழாய்களில் பல 300 நானோமீட்டருக்கும் குட்டையானவை, மேற்பூச்சுள்ளவை. அப்படிப்பட்டவை எலிகளில் பித்தத்தோடு கலந்து மலத்தில் வெளியேறியதை ஹோங்ஜீ தாயின் குழு 2008இல் காட்டியது. நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்களின் நொதி நானோகுழாய்களைச் சிதைக்கும் என்பதை 2010இல் இன்னொரு குழு காட்டியது. ஆனால் எல்லாம் உடனே போய்விடுவதில்லை. கல்லீரலில் மாதக்கணக்கில் தங்கும் பகுதி உண்டு. ஆகவே நீளமான குழாய்களை மருத்துவத்திலிருந்து முற்றாக ஒதுக்கிவிட்டு, குட்டையான குழாயோ தாளோ உருண்டைத் துகளோ எதுவாயினும் எத்தனை சதவீதம், எத்தனை மாதத்தில் வெளியேறுகிறது என்று ஒவ்வொரு தயாரிப்புக்கும் தனித்தனியே அளப்பதே நேர்மையான வழி.

கார்பன் துகளை மனித உடலுக்குள் வைப்பது மருத்துவத்துக்கு முற்றிலும் அந்நியமானதல்ல என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. பெருங்குடலில் கண்ட கட்டியின் இடத்தை அறுவைக்கு முன் அடையாளமிட, நுண்ணிய கார்பன் மையை எண்டோஸ்கோப்பி வழியே குடற்சுவரில் செலுத்துவது நெடுநாள் வழக்கம். அந்தக் கறை ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கும். சீனாவில் தைராய்டு, இரைப்பைப் புற்றுநோய் அறுவைகளில் நிணநீர் முடிச்சுகளைக் கறுப்பாக்கிக் காட்ட, ஏறத்தாழ 150 நானோமீட்டர் அளவுள்ள கார்பன் துகள் ஊசிமருந்து அதிகாரப்பூர்வ அனுமதியோடு பயன்படுகிறது. கட்டியின் அருகே செலுத்தியதும் அது நிணநீர் வழியே முடிச்சுகளுக்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறது. சேர்ப்பது எப்படி என்று தவித்த துறைக்கு இதில் பெரிய பாடம் இருக்கிறது. ரத்தத்தின் வழியே ஆயிரத்தில் ஏழைச் சேர்க்கப் போராடுவதற்குப் பதிலாக, புற்றுநோய் முதலில் பரவும் நிணநீர்ப் பாதையையே கரித்துகளும் பின்பற்றச் செய்யலாம். ஏற்கெனவே மனிதரிடம் பழக்கமுள்ள துகளை எடுத்து, அது கறுப்பாக்கிய இடத்தை ஒளியால் சூடேற்ற முடியுமா என்று சோதிப்பது, புதிதாக ஒரு விந்தைப் பொருளை உருவாக்குவதைவிடக் குறைந்த பரபரப்பும் அதிகப் பயனும் தரும்.

இத்தகைய சோதனைக்கு ஏற்ற இடம் எது என்று கேட்டால், வாய்ப் புற்றுநோய் முன்வரிசையில் நிற்கிறது. 2022ஆம் ஆண்டின் உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி இந்திய ஆண்களிடம் அதிகம் காணப்படுவது உதடு, வாய்ப் புற்றுநோய்தான். புகையிலை மெல்லும் பழக்கம் அதன் முதன்மைக் காரணம். வாய் கண்ணுக்கும் ஊசிக்கும் ஒளியிழைக்கும் எட்டும் இடம். ஒளியைத் தலை, கழுத்துக் கட்டிகளுக்குள் கொண்டுசெல்ல முடியும் என்பதையும் ஜப்பான் காட்டியிருக்கிறது. 690 நானோமீட்டர் ஒளி பட்டதும் செல்லைக் கொல்லும் சாயம் இணைத்த எதிர்ப்புரத மருந்தை, அறுவைக்கு இடமில்லாத கட்டிகளுக்காக 2020இல் அந்த நாடு அனுமதித்தது. அது சூட்டால் கொல்வதல்ல. ஆனாலும் ஒளியிழை, அளவு, வலி மேலாண்மை போன்ற நடைமுறைப் பாடங்கள் அங்கிருந்து கிடைக்கும். தொடக்க நிலை வாய்ப் புற்றுநோயை அறுவை நன்றாகவே குணப்படுத்துகிறது என்பதால், அதற்குப் போட்டியாக எந்தப் புதிய முறையையும் நிறுத்தக் கூடாது. ஏற்கெனவே அறுவையும் கதிர்வீச்சும் பெற்று, அதே இடத்தில் கட்டி திரும்பிய நோயாளிக்கு வழிகள் குறைவு. மறுபடி வெட்டினால் பேச்சும் விழுங்கலும் போகும், மறுபடி கதிர்வீச்சுக்குத் திசு தாங்காது. மில்லிமீட்டர் அளவில் எல்லையை மதிக்கும் சூடு ஒரு மனிதருக்கு உண்மையாக உதவக்கூடிய இடம் இதுதான்.

நானோ மருத்துவம் பற்றிய செய்திகள் இனியும் வரும். எலியின் கட்டி மறைந்த படங்களும் வரும். அவற்றைப் படிக்கும்போது வாசகர் சில கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள். துகள் ரத்தம் வழியாகப் போனதா, நேராக ஊசியால் வைக்கப்பட்டதா? செலுத்தியதில் எத்தனை சதவீதம் கட்டியில் சேர்ந்தது? லேசரின் வலிமை மனிதத் தோலின் வரம்புக்குள் இருந்ததா? துகள் இல்லாமல் சுட்டதோடு ஒப்பிட்டார்களா? மீதித் துகள் எத்தனை மாதத்தில் உடலைவிட்டுப் போனது? இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லாத ஆய்வு எவ்வளவு உயர்ந்த வெப்பநிலையைக் காட்டினாலும், நோயாளியின் பக்கத்தில் ஓரடிகூட வைத்ததாகாது. இன்று புற்றுநோயோடு போராடுபவர்கள், நிரூபிக்கப்பட்ட அறுவையையும் கதிர்வீச்சையும் மருந்தையும் தள்ளிப்போட்டு, நானோ சூட்டுச் சிகிச்சை தருவதாக விளம்பரம் செய்யும் யாரையும் நம்பிப் போக வேண்டாம். அப்படி ஒரு சிகிச்சை முறையான மருத்துவ ஆய்வுக்கு வெளியே இப்போது இல்லை. ஆய்வுக்குப் பணம் ஒதுக்குபவர்களும் இதழாசிரியர்களும் இன்னொரு புதிய துகளுக்கும் இன்னொரு எலிக்கும் கொடுக்கும் மதிப்பைக் குறைத்து, சேர்ப்பையும் வெளியேற்றத்தையும் எல்லையையும் அளப்பவர்களுக்கு அந்த மதிப்பைத் தர வேண்டும். கரி சுடும் என்பதை இருபது ஆண்டுகளாக அறிவோம். அந்தச் சூட்டை ஒரு நோயாளியின் கட்டிக்குள், அவர் தாங்கும் அளவில், துகள் உடலில் தங்காமல் போகும்படி வைக்கக் கற்றுக்கொள்வதே இனி நம் முன்னிருக்கும் வேலை. அது செய்யக்கூடிய வேலை. செய்ய வேண்டிய வேலையும்கூட.